பட்டுப்புழு வளர்ப்பில் விவசாயிகளைப் பயிற்றுவிப்பது எப்படி: புழுவின் நாட்கணக்கில் ஒரு பயிற்சி

சென்னையில் இருந்துகொண்டு செய்யாறு, ஆரணி, உத்திரமேரூர் பக்கத்து விவசாயிகளுக்குப் பட்டுப்புழு வளர்ப்புப் பயிற்சி நடத்த முன்வரும் தொண்டு நிறுவனத்தார், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் அலுவலர்கள், வேளாண்மை படித்துவிட்டுக் களத்திற்குப் போகும் இளைஞர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தியாகராய நகரின் கடைகளில் ஒவ்வொரு முகூர்த்த மாதத்திலும் மலைபோல் குவியும் பட்டுச் சேலைகளுக்கு நூல் கொடுப்பவர் எங்கோ ஒரு கிராமத்தில் மல்பெரி வளர்க்கும் விவசாயிதான். உலகில் பட்டு உற்பத்தியில் இரண்டாம் இடத்தில் இருந்தும், தன் தேவைக்கே போதாமல் வெளியிலிருந்து பட்டு வாங்கும் நாடு நம்முடையது. ஆகவே பட்டுக்கூட்டுக்குச் சந்தை இல்லை என்ற கவலை விவசாயிக்குத் தேவையில்லை. தேவைப்படுவது, அவர் கை பழகும் வரை அருகில் நிற்கும் ஒரு பயிற்சியாளர்.

நான் நடத்திய முதல் பயிற்சி சென்னையில், குளிரூட்டப்பட்ட ஒரு மண்டபத்தில், மூன்று நாட்கள் நடந்தது. திரையில் படங்கள் காட்டினேன், அச்சிட்ட கையேடு கொடுத்தேன், சான்றிதழும் வழங்கினேன். பயிற்சி பெற்ற ஓர் அம்மாள் நான்கு மாதங்களுக்குப் பின் ஒரு நாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, புழு தழையைத் தொடாம தட்டு ஓரத்துலயே சுத்துது, உடம்பு பளபளன்னு வீங்கியிருக்கு, தொட்டா பால் மாதிரி ஒழுகுது, இது என்ன?” என்று கேட்டார். அது கிராசரி என்னும் பால் நோய். அதன் படத்தை மண்டபத்தில் இரண்டாம் நாள் பிற்பகலில் நான் காட்டியிருந்தேன். அவர் அதைப் பார்த்திருந்தார். ஆனால் தன் வீட்டுத் தட்டில், நாற்பது வாட் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், நோய் தொடங்கும் முதல் புழுவை அடையாளம் காண அந்தப் படம் உதவவில்லை. அந்த அறுவடை முழுவதும் போயிற்று. அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்றுதான்: பயிற்சியின் நாட்களைப் புழுவே தீர்மானிக்க வேண்டும். செடி நடும் நாளில் செடியைப் பற்றியும், புழு தோலுரிக்கும் நாளில் தோலுரிப்பைப் பற்றியும், அந்தந்த விவசாயியின் வீட்டிலேயே சொல்ல வேண்டும்.

ஆட்களையும் இடத்தையும் தேர்ந்தெடுத்தல்

ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். அவர்கள் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் உள்ள இரண்டு, மூன்று ஊர்களைச் சேர்ந்தவர்களாக இருந்தால், ஒருவர் வீட்டுப் புழுவை மற்றவர் பார்த்துக் கற்றுக்கொள்வார். கணவர் பெயரில் நிலம் இருந்தாலும் பயிற்சிக்கு மனைவியையும் சேர்த்தே அழையுங்கள். நாளுக்கு மூன்று முறை தழை போடுபவரும், தட்டு மாற்றுபவரும், நோயுற்ற புழுவை முதலில் காண்பவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே.

நிலத்தைப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது கிணற்றை. அடுத்தது பக்கத்து வயலை. கோடையிலும் மல்பெரிக்குத் தண்ணீர் கொடுக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. பக்கத்து வயலில் கத்திரியோ பருத்தியோ பயிரிட்டு வாரந்தோறும் பூச்சிமருந்து அடிக்கிறார்களா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. காற்றில் வந்து மல்பெரித் தழையில் படியும் மருந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும், தட்டில் உள்ள அத்தனை புழுக்களையும் ஒரே நாளில் சாகடித்துவிடும். புகையிலைத் தோட்டத்தின் அருகில் மல்பெரி வைக்கவே கூடாது.

பயிற்சிக்கு ஒப்புக்கொள்வதற்கு முன், குழுவை ஒருமுறை தர்மபுரி அல்லது ஓசூர் பக்கம் அழைத்துச் செல்லுங்கள். சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் கிளம்பினால் காலையில் தர்மபுரிப் பட்டுக்கூடு அங்காடியில் ஏலத்தைப் பார்க்கலாம்; பிற்பகலில் நல்ல வளர்ப்பு மனை (புழு வளர்க்கும் கட்டடம்) ஒன்றைப் பார்க்கலாம். ஓசூரில் தமிழக அரசின் பட்டு வளர்ச்சிப் பயிற்சி நிலையம் உள்ளது. பட்டு வளர்ச்சித் துறையின் இயக்குநரகம் சேலத்தில் இருக்கிறது. மாவட்ட அளவிலான உதவி இயக்குநர் அலுவலகத்தில் நாற்று, மனை, தளவாடங்கள் ஆகியவற்றுக்கான மானியத்தை முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். மானியத்தின் அளவும் நிபந்தனைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், பயிற்சியாளர் தாமே ஒரு தொகையைச் சொல்லி விவசாயியை நம்பவைக்கக் கூடாது. அலுவலகத்தில் அவரையே நேரில் கேட்கச் செய்ய வேண்டும்.

தழை முதலில், புழு பிறகு

புதிதாக வருபவர்கள் எல்லாரும் புழுவைப் பார்க்கத்தான் ஆவல்கொள்வார்கள். அந்த ஆவலை அடக்கி, நட்ட நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை செடியை மட்டுமே பேசவைப்பது பயிற்சியாளரின் வேலை. பட்டுப்புழு தின்பது மல்பெரி இலையை மட்டுமே. கூட்டின் எடையும் நூலின் நீளமும் அந்த இலையிலிருந்தே வருகின்றன.

தமிழ்நாட்டில் பாசன வசதியுள்ள நிலங்களுக்கு வி-1 என்னும் ரகமே பெரிதும் பயிரிடப்படுகிறது. தண்ணீரும் உரமும் குறைவின்றிக் கிடைத்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 24 டன் தழை தரக்கூடியது. இதை இணைவரிசை முறையில், 3 அடி, 5 அடி என்று மாறி மாறி வரிசை இடைவெளியும் செடிக்குச் செடி 2 அடியும் விட்டு நடச் சொல்லுங்கள். அகன்ற இடைவெளியில் சிறு டிராக்டர் ஓடும். சொட்டுநீர்க் குழாய் குறுகிய இடைவெளியில் போகும். எக்டருக்கு ஆண்டுக்கு 20 டன் தொழுவுரமும், 350 கிலோ தழைச்சத்தும், 140 கிலோ மணிச்சத்தும், 140 கிலோ சாம்பல்சத்தும் இந்த ரகத்துக்கான பரிந்துரை. ஏக்கர் கணக்குக்கு இரண்டரையால் வகுத்து, ஆண்டுக்கு ஐந்து அறுவடை என்றால் ஒவ்வொரு கவாத்துக்கும் எத்தனை மூட்டை என்று விவசாயியின் கையாலேயே கணக்குப் போடவையுங்கள். மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

கவாத்து செய்து 60 முதல் 70 நாட்களில் தண்டு அறுவடைக்கு வரும். புழு தழையைக் கேட்கும் நாளும் செடி தழை தரும் நாளும் ஒன்றாக வரவேண்டும் என்பதால், முட்டைக்குச் சொல்லி வைப்பதற்கு முன்பே கவாத்துத் தேதியைக் குறித்துவிட வேண்டும். தோட்டத்தை இரண்டு பாத்தியாகப் பிரித்து, ஒன்றைக் கவாத்து செய்து ஒரு மாதம் கழித்து மற்றதைச் செய்தால், ஆண்டு முழுவதும் புழு வளர்ப்பு ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். நுனி இலைகள் சுருண்டு தடித்துப் போனால் அது மாவுப்பூச்சியால் வரும் துக்ரா; அந்த நுனிகளைக் கிள்ளி எரித்துவிடச் சொல்லுங்கள். மருந்து அடிக்கும் கட்டாயம் நேர்ந்தால், பரிந்துரைத்த இடைவெளி நாட்கள் முடியும் வரை அந்தத் தழையைப் புழுவிடம் கொண்டுபோகக் கூடாது.

மனையும் கிருமிநீக்கமும்

வளர்ப்பு மனைக்கு 50 அடி நீளம், 20 அடி அகலம் இருந்தால் ஒரு ஏக்கர் தோட்டத்துக்குப் போதும். சென்னையைச் சுற்றிய மாவட்டங்களின் வெயிலையும் கடற்காற்றின் ஈரத்தையும் கருத்தில் கொண்டு, தகரக் கூரை போடுபவர்களை நான் கெஞ்சியாவது தடுப்பேன். ஓட்டுக் கூரையோ, தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்த கூரையோ வேண்டும். மனையைச் சுற்றி நிழல்மரம் வேண்டும். எதிரெதிராகச் சன்னல் வேண்டும். எல்லாச் சன்னல்களுக்கும் நைலான் வலை அடித்து, வாசலில் ஒரு சிறு முன்னறை வைக்க வேண்டும். ஊசி ஈ என்னும் ஒட்டுண்ணி ஈ ஒரு முறை உள்ளே நுழைந்து புழுக்களின் மேல் முட்டை வைத்துவிட்டால், அதன் புழு பட்டுப்புழுவைத் தின்று வெளியேறும்போது கூட்டையும் துளைத்துவிடும். துளை விழுந்த கூட்டிலிருந்து நூல் எடுக்க இயலாது. தாங்கிகளின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணிகளில் வைத்தால் எறும்பு ஏறாது.

கத்திரி வெயில் நாட்களில் இந்த மாவட்டங்களில் வெண்பட்டுக் கலப்பினத்தை (வெள்ளைக் கூடு கட்டும் புழு வகையை) வளர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. பழகிய விவசாயிகள் ஈரச் சாக்கும் தெளிப்பானும் வைத்துச் சமாளிப்பார்கள். புதிதாகக் கற்பவரை அந்த வெயிலில் இறக்கிவிட்டால் அவர் தொழிலையே விட்டுவிடுவார். முதல் அறுவடை ஆடிக்குப் பிறகோ தையிலோ அமையும்படி நாள் குறியுங்கள்.

பயிற்சி முழுவதிலும் நான் மிக அதிக நேரம் செலவிடுவது கிருமிநீக்கத்தில். புழு வருவதற்கு ஐந்து நாட்களுக்கு முன்பு ஒருமுறையும், இரண்டு நாட்களுக்கு முன்பு மறுமுறையும் மனையையும் தளவாடங்களையும் நனையும்படி தெளிக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ பிளீச்சிங் பவுடரும் 300 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் என்பது அளவு. இதை வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். தராசைக் கொண்டுபோங்கள். பவுடரைக் கைப்பிடி கணக்கில் போடும் பழக்கம் உள்ள விவசாயியிடம், முதலில் அவர் வழக்கப்படியே அள்ளிப் போடச் சொல்லி, அதை எடைபோட்டுக் காட்டுங்கள். பெரும்பாலும் தேவையான எடையில் பாதிகூட இராது. பிறகு கடையில் திறந்து கிடந்த பழைய பவுடரையும், மூடி முத்திரையிட்ட புதுப் பவுடரையும் அடுத்தடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மூக்கில் ஏறாத பவுடர் கிருமியைக் கொல்லாது என்பதை அவர் மூக்கே சொல்லிவிடும். முகத்தில் துணி கட்டாமல் யாரும் தெளிக்கக் கூடாது. இரும்புச் சாமான்களை அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்க வேண்டும், இல்லையேல் துருப்பிடிக்கும்.

மனைக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் பிளீச்சிங் கரைசலில் நனைத்த சாக்கில் கால் மிதித்து, கை கழுவி, பிறகே உள்ளே போக வேண்டும். பார்க்க வரும் உறவினர், ஊர்ப் பெரியவர், வங்கி அலுவலர் எவராயினும் இந்த விதிக்கு விலக்கில்லை. நீங்கள் பயிற்சியாளராக ஒரு நாளில் நான்கு மனைகளுக்குப் போகிறவர். ஒரு வீட்டின் நோயை அடுத்த வீட்டுக்குச் சுமந்து செல்லும் ஆபத்து எல்லாரையும்விட உங்களிடமே அதிகம் என்பதால், ஒவ்வொரு வாசலிலும் விவசாயியின் கண் முன்னே நீங்களே முதலில் கை கழுவிக் காட்டுங்கள்.

முதலில் நீங்கள் வளர்த்துப் பாருங்கள்

கற்றுக்கொடுக்கப் போகிறவர் ஒரு தட்டுப் புழுவையாவது தம் கையால் கூடு வரை கொண்டுபோயிருக்க வேண்டும். நான் செய்யாற்றுப் பக்கத்திலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிய தழையை வாரம் இருமுறை கொண்டுவந்து, பெரம்பூரில் என் வீட்டு அறையொன்றில் இருநூறு புழுக்களை வளர்த்தேன். நான்காம் தோலுரிப்பு முடிந்து, தழை போட்டால் அரைமணியில் காம்பு மட்டும் மிஞ்சும் அளவுக்குத் தின்னத் தொடங்கிய நேரம். ஒரு நாள் காலையில் அறையைத் திறந்தபோது பாதிப் புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டிக்கொண்டும், பச்சை நீரைக் கக்கிக்கொண்டும், உடல் குறுகிக் கிடந்தும் கண்டேன். பக்கத்து அறையில் இரவு முழுவதும் கொசுவிரட்டி எரிந்திருக்கிறது. கதவு சாத்தித்தான் இருந்தது. கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. மாலைக்குள் ஏறக்குறைய எல்லாமே செத்துவிட்டன. கொசுவத்தி, கொசுவிரட்டித் திரவம், வாசனைத் தெளிப்பான், பீடி, சிகரெட், வெற்றிலைப் புகையிலை ஆகிய எதுவும் மனையின் அருகில் வரக் கூடாது என்று நான் சொல்லும்போது, இந்தக் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்; விவசாயிகள் விதியை மறந்தாலும் அந்த விரல் இடைவெளியை மறப்பதில்லை.

இளம்புழுவிலிருந்து தோலுரிப்பு வரை

விவசாயிகள் ‘நூறு முட்டை’ என்று சொன்னால் அது நூறு நோயற்ற முட்டைத் தொகுதிகள் என்று பொருள். ஒரு தொகுதி என்பது ஒரு தாய் அந்துப்பூச்சி இட்ட சுமார் 500 முட்டைகள். ஒரு ஏக்கர் நல்ல வி-1 தோட்டத்தைக் கொண்டு ஒரு அறுவடைக்கு 200 முதல் 250 தொகுதிகள் வளர்க்கலாம் என்றாலும், முதல் முறைக்கு 100 தொகுதியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். முட்டை, உரிமம் பெற்ற வித்தகத்திலிருந்துதான் (முட்டை உற்பத்தி நிலையத்திலிருந்துதான்) வரவேண்டும். பெப்ரின் என்னும் நோய் தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கு வருவது. முட்டையிட்ட தாயை நுண்ணோக்கியில் சோதித்து, நோயுள்ளதன் முட்டையை அழித்துவிடும் முறையை 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பட்டுத் தொழிலைக் காக்க லூயி பாஸ்டர் வகுத்துத் தந்தார். இன்றும் வித்தகங்களில் அதைத்தான் செய்கிறார்கள்.

புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களில் வளர்கிறது. முதல் இரண்டு பருவங்களை விவசாயி தாமே வளர்க்க வேண்டியதில்லை. அந்தப் பச்சிளம் புழுக்களுக்கு 27, 28 டிகிரி வெப்பமும் 85 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதமும் பொடியாக நறுக்கிய இளந்தழையும் வேண்டும். அதை இளம்புழு வளர்ப்பு மையங்கள் செய்து, இரண்டாம் தோலுரிப்பு நேரத்தில் புழுவைக் கொடுக்கின்றன. அங்கிருந்து அதிகாலையிலோ இரவிலோ மட்டுமே கொண்டுவர வேண்டும். வந்த பின் கூடு கட்டும் வரை ஏறக்குறைய 17, 18 நாட்கள். பயிற்சியாளர் கிராமத்திலேயே தங்க வேண்டிய நாட்கள் இவை. சென்னைக்குப் போய் வரலாம் என்று எண்ண வேண்டாம்.

வளர வளர வெப்பத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும்: மூன்றாம் பருவத்தில் 26, நான்காம் பருவத்தில் 25, ஐந்தாம் பருவத்தில் 24 டிகிரி. ஈரப்பதமும் 80இல் தொடங்கி 70 விழுக்காட்டுக்கு இறங்கவேண்டும். நம் ஊர் மனையில் இவை அப்படியே கிடைக்காது. ஆனால் சுவரில் ஒரு வெப்பமானி தொங்கினால், எப்போது சாக்கை நனைப்பது, எப்போது சன்னலைத் திறப்பது என்று அவர்களே முடிவெடுப்பார்கள்.

தோலுரிப்பைக் கண்ணால் அறியக் கற்றுக்கொடுப்பது பயிற்சியின் உயிரான பகுதி. ஒரு கைலென்ஸ் கொண்டுபோங்கள். தோலுரிக்கப் போகும் புழு தின்பதை நிறுத்தி, பின்கால்களால் படுக்கையை, அதாவது தட்டில் பரப்பிய தழையை, பற்றிக்கொண்டு, முன்னுடலைத் தூக்கி அசையாமல் நிற்கும். தோல் இழுத்துக் கட்டியதுபோல் பளபளக்கும். தலை உடலுக்குச் சிறிதாகத் தெரியும். இப்படிப் பத்தில் ஒன்பது புழு நின்றவுடன் தழை போடுவதை நிறுத்தி, மெல்லிய துணியில் சுண்ணாம்புத் தூளைக் கட்டிப் படுக்கை மேல் தட்டிவிட்டு, காற்றோட்டம் விட வேண்டும். ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத் தோலுரித்து எழும் புழுவுக்குத் தலை பெரிதாக, வெளிறிய பழுப்பாக இருக்கும். உடம்புத் தோல் சட்டைபோல் தொளதொளவென்று சுருங்கித் தொங்கும். முதலில் எழுந்த நாலைந்து புழுக்கள் பசியோடு தலையை ஆட்டுவதைக் கண்டு இரக்கப்பட்டுத் தழை போட்டுவிடுவது எல்லாருக்கும் நேரும் தவறு. போட்டால், எழுந்தவை வளர்ந்துவிடும், எழாதவை பின்தங்கும். கூடு கட்டும் நாளில் ஒரே தட்டில் பாதிப் புழு தழை கேட்கும், பாதி கூடு கட்ட இடம் தேடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எழும் வரை பொறுத்திருந்து, விஜேதா போன்ற படுக்கைக் கிருமிநாசினித் தூளைச் சீராகத் தூவி, அரைமணி நேரம் கழித்தே தழை போட வேண்டும்.

ஐந்தாம் பருவமும் நோய்களும்

வாழ்நாளில் தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த ஏழு நாட்களிலேயே புழு தின்றுவிடும். தண்டோடு வெட்டி, காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளை, ஒரு வேளைக்குத் தண்டு நீளவாக்கிலும் அடுத்த வேளைக்குக் குறுக்காகவும் போட வேண்டும். அப்போதுதான் படுக்கைக்குள் காற்று போகும். தழையைக் காலையிலோ மாலையிலோ வெட்டி, நிழலில் ஈரச் சாக்கு மூடி வைக்க வேண்டும். மண் படிந்த தழையும் மஞ்சளித்த தழையும் வேண்டாம். 100 தொகுதிப் புழுக்களுக்குக் கடைசியில் ஏறக்குறைய 600 சதுர அடிப் படுக்கை வேண்டும். இரண்டு புழுக்களுக்கு இடையில் மூன்றாவது ஒன்று படுக்க இடமிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் படுக்கையை அகலப்படுத்தும் நேரம் வந்துவிட்டது. இந்தப் பருவத்தின் நான்காம் நாளில் மீண்டும் ஒருமுறை கிருமிநாசினித் தூள் தூவ வேண்டும்.

தினமும் காலையில் தழை போடுவதற்கு முன், ஐந்து நிமிடம் எதையும் செய்யாமல் தட்டை உற்றுப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். ஓரத்தில் ஓயாமல் அலையும், கணுக்களுக்கிடையே வீங்கிய புழு பால் நோய்க்காரன். தளர்ந்து, மென்மையாகி, கக்கி, நாற்றமெடுக்கும் புழுவுக்கு வந்திருப்பது பிளாச்சரி என்னும் நோய். வெயில் நாட்களிலும் கெட்ட தழை தின்ற பிறகும் இது வரும். செத்த பின் சுண்ணாம்புக் கட்டிபோல் வெள்ளையாக இறுகினால் அது மஸ்கார்டின் என்னும் பூஞ்சைநோய். வடகிழக்குப் பருவமழை மாதங்களில், ஈரம் தேங்கும் மனைகளில் எதிர்பார்க்க வேண்டியது. உடம்பில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தென்பட்டு, புழுக்கள் சீரற்று வளர்ந்தால் பெப்ரினா என்று சந்தேகித்து உடனே துறை அலுவலரை அழைக்க வேண்டும். இந்த நோய்களில் எதற்கும் வந்த புழுவைக் குணப்படுத்தும் மருந்து இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். செய்யக்கூடியது, கண்ட புழுவைக் குச்சியால் எடுத்து, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர்ச் சட்டியில் போட்டு, பின்னர் ஆழமாகப் புதைப்பது. அதைக் கோழிக்குப் போடுவதும், மல்பெரித் தோட்டத்தில் வீசுவதும் நோயை அடுத்த அறுவடைக்குச் சேமித்து வைப்பதாகும். கோழி தின்று எச்சமிட்டாலும் கிருமி தோட்டத்துக்குத்தான் திரும்பி வரும்.

கூடும் எடையும்

தின்பதை நிறுத்தி, உடல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவத் தெரிந்து, தலையைத் தூக்கி அசைத்து இடம் தேடும் புழு முதிர்ந்துவிட்டது. அதைக் கூடு கட்டுவதற்கான தட்டிகளான பிளாஸ்டிக் நெட்ரிகாவிலோ மூங்கில் சந்திரிகையிலோ விட வேண்டும். சதுர அடிக்கு 40 முதல் 50 புழுவுக்கு மேல் விட்டால் இரண்டு புழு சேர்ந்து இரட்டைக் கூடு கட்டும். புழு கூடு கட்டுவதற்கு முன் கடைசியாகச் சிறுநீர் கழிக்கும். அந்த ஈரம் காயக் காற்று வேண்டும். காற்றோட்டமில்லாத மனையில் கட்டிய கூட்டின் நூல், சுற்றும்போது அறுந்துகொண்டே இருக்கும். இரண்டு, மூன்று நாட்களில் புழு ஒரே இழையாக ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் நூலைக் கக்கித் தன்னைச் சுற்றி முடித்துவிடும்.

அவசரப்பட்டு, புழுவைக் கூடு கட்ட விட்ட ஐந்தாம் நாளே கூட்டை எடுத்தால் உள்ளிருக்கும் கூட்டுப்புழு இன்னும் இளசாக இருக்கும். மூட்டையின் அழுத்தத்தில் நசுங்கி, கூட்டை உள்ளிருந்து கறைப்படுத்தும். வெண்பட்டுக் கூட்டை ஏழாம் நாள் எடுத்து எட்டாம் நாள் சந்தைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒரு கூட்டைப் பிளேடால் வெட்டி, கூட்டுப்புழு பழுப்பேறிக் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று காட்டுங்கள். ரொம்பவும் காலம் தாழ்த்தினால் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவந்துவிடும்.

சந்தைக்குப் போகுமுன் ஒரு சிறு பாடம் உண்டு. நகைக்கடைத் தராசு ஒன்றில் பத்துக் கூடுகளை எடைபோடுங்கள். 18 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பத்தையும் வெட்டி, கூட்டுப்புழுவை நீக்கி, வெறும் பட்டு ஓடுகளை மட்டும் எடைபோடுங்கள். 4 கிராம் வந்தால், நூற்றுக்கு 22 பங்கு பட்டு ஓடு. அதைத்தான் நூற்பவர் விலை கொடுத்து வாங்குகிறார். இதைத் தம் கையால் ஒருமுறை செய்துவிட்ட விவசாயி, ஏலத்தில் கூட்டைக் காதருகே குலுக்கிப் பார்க்கும் வியாபாரியைக் கண்டு மிரள்வதில்லை. கறைக்கூடு, இரட்டைக் கூடு, மெல்லிய கூடு ஆகியவற்றை வீட்டிலேயே பிரித்துவிட வேண்டும். ஒரு கைப்பிடி கறைக்கூடு முழு மூட்டையின் விலையையும் இறக்கிவிடும். நல்ல வளர்ப்பில் 100 தொகுதிக்கு 60 முதல் 80 கிலோ கூடு கிடைக்கும்.

நூலைக் காட்டுதல்

பெரும்பாலான விவசாயிகள் கூட்டோடு நின்றுவிடுவார்கள், அதில் தவறில்லை. ஆயினும் நூல் எடுப்பதை ஒருமுறையாவது அவர்கள் பார்க்க வேண்டும். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் பத்துக் கூடுகளை வேகவைத்தால், செரிசின் என்னும் பசை இளகும். தென்னந்துடைப்பத்தின் நுனியால் மெல்லத் தடவினால் நூல் முனைகள் ஒட்டிக்கொண்டு வரும். ஏழெட்டுக் கூடுகளின் இழைகளை ஒன்றாகச் சேர்த்து இழுத்தால்தான் நெசவுக்கு வேண்டிய 20-22 டெனியர் பருமன் வரும். தன் தோட்டத்துக் கூட்டிலிருந்து, தழை போட்ட அதே கையால், அறுபடாமல் நூலை இழுத்துக்கொண்டே வாசல் வரை நடந்துபோன ஒரு தாத்தாவை நான் பார்த்திருக்கிறேன். பத்து நாள் பாடத்தில் அவரிடம் ஏற்படாத மாற்றம் அந்தப் பத்து அடியில் ஏற்பட்டது. அடுத்த அறுவடையில் சன்னல் வலையின் சிறு கிழிசலைக்கூட அவரே தைத்து வைத்திருந்தார்.

ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு எத்தனை கிலோ கூடு செலவாகிறது என்பதை ரெண்டிட்டா என்பார்கள். வெண்பட்டில் ஆறு, ஆறரை கிலோ. குழுவைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள அண்ணா பட்டுப் பரிமாற்றகத்தையும் ஒரு தறியையும் காட்டுங்கள். சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் தூரம்தான். காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

இரண்டாம் அறுவடை

முதல் அறுவடை புதுமனையில் நடப்பது. கிருமி இன்னும் குடியேறாத இடம் என்பதால் பெரும்பாலும் நன்றாகவே வரும். அதைக் கண்டு பயிற்சி வெற்றி என்று புகைப்படம் எடுத்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பிவிடும் நிறுவனங்கள் பலவற்றை நான் அறிவேன். என் அனுபவத்தில் தோல்வி தொடங்குவது இரண்டாம், மூன்றாம் அறுவடையில்தான். கூடு எடுத்த மறுநாளே படுக்கைக் கழிவை அப்புறப்படுத்திக் குழியில் மக்கவைத்து, நெட்ரிகாக்களில் ஒட்டிய பஞ்சை நீக்கி, மனையைக் கழுவி முதல் கிருமிநீக்கத்தை முடித்துவிட வேண்டும். கூடு விற்ற பணம் கையில் இருக்கும் அந்த வாரத்தில் இந்த வேலையை எல்லாரும் தள்ளிப்போடுவார்கள்.

ஆகவே, பயிற்சித் தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்து, கவாத்துத் தேதி, முட்டை எண்ணிக்கை, ஒவ்வொரு தோலுரிப்பும் தொடங்கி முடிந்த நேரம், பொறுக்கிய நோய்ப்புழு எண்ணிக்கை, கூட்டின் எடை, விற்ற விலை ஆகியவற்றை எழுதவையுங்கள். எழுதத் தெரியாதவர் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும். கூடு விற்ற பக்கத்துக்கு அடுத்த பக்கத்தின் தலைப்பில், முதல் நாளே, ‘மனை கழுவிய தேதி’ என்று நீங்களே எழுதி வைத்துவிடுங்கள். அந்த இடம் நிரம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த முட்டைக்குச் சொல்லி வைக்கலாம்.